அப்பா கேட்டாரு

அத்தியாயம் 11

போன வாரம் ஹாரனை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கழற்றிய செருப்பு. மாஸ்டர் கட்டிலிலிருந்து அவளை ஒரே ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதுக்குத்தான் என்னை வரச் சொன்னாரா?" என்று அவள் கேட்டாள். நமக்கு அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவளுக்கு ஒரு ராத்திரிதான், ஆனால் அது நம்முடைய வாரத்தைவிட நீளம்.

பாதியில் வந்து ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம். மாஸ்டர் என்பவர் ஹாரனின் அப்பா. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித் தேறியவர்கள். கிளட்ச், மிரர், பிரேக் என்ற மூன்றைத் தாண்டி நாலாவது வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க யாராலும் முடிந்ததில்லை. சரியான கல்லுளிமங்கன். மகள் பிறந்து போட்ட முதல் அழுகையைக் கேட்டு "ஹாரன்" என்றார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அவளும் வளர்ந்து அப்பாவின் ஸ்கூலிலேயே பயிற்சியாளராகச் சேர்ந்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமல்லவா? ஐந்து வருஷம் முன்பு ஒரு நாள், பின் சீட்டில் மாணவர்கள் உட்கார்ந்திருக்க, ஹாரன் ரவுண்டானாவில் எப்படித் திரும்புவது என்று ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மாஸ்டர் அந்த இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாரன் நடு ரோட்டில் இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல் நடந்துபோய்விட்டாள். வேறு ஊரில் பஸ் டிரைவராக வேலை கிடைத்தது. அன்று விட்ட பேச்சை அப்பாவும் மகளும் அப்புறம் எடுக்கவே இல்லை. அம்மா மட்டும் வாரம் தவறாமல் போன் செய்வாள். "அப்பா கேட்டாரு, சாப்பிட்டியான்னு. அப்பா கேட்டாரு, உடம்பு நல்லா இருக்கான்னு."

போன வருஷக் கடைசியில் மாஸ்டருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு பேச்சுப் பலகை வாங்கிவந்தான். தட்டு அளவுத் திரை. அதில் கட்டம் கட்டமாக வார்த்தைகள். இடது கையால் மாஸ்டர் ஒரு கட்டத்தைத் தொட்டால், உள்ளே இருக்கும் செயற்கை அறிவு அவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஊகித்து, ஒரு முழு வாக்கியமாக ஆண் குரலில் சொல்லும். ஊகம் பிசகினால் ஓரத்தில் 'தப்பு' என்று ஒரு சிவப்புக் கட்டம் உண்டு. அதைத் தொட்டால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு வேறு மாதிரி சொல்லும்.

அந்தப் பலகையைத்தான் போன மாதம் அம்மா போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "கண்ணு, நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. பழசையெல்லாம் விட்டுடு. வந்துடும்மா" என்றது அது. வேலை முடிந்து டிப்போவில் நின்றிருந்த ஹாரன், காலி பஸ்ஸின் படியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். மறுநாளே சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதினாள். இங்கே ஒரே ஒரு இடம் காலி. வருகிறேன் என்று இன்று மாலை டிப்போ மூடுவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சொல்லிவிட்டாலோ, பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை.

ஆக, கூப்பிட்டவர் நிஜமாகவே கூப்பிட்டாரா என்பது அவளுக்கு இன்று மாலைக்குள் தெரிந்தாக வேண்டும்.

*

காலையில் மாஸ்டர் 'தண்ணி' கட்டத்தைத் தொட்டார்.

"கொஞ்சம் தண்ணி தர்றியாம்மா? உனக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்றது பலகை.

மாஸ்டர் முகத்தைச் சுளித்து 'தப்பு' கட்டத்தை ஒரு குத்துக் குத்தினார்.

"மன்னிக்கவும். தண்ணி."

குடித்துவிட்டு 'போதும்' என்பதைத் தொட்டார். "போதும் தங்கம், வயிறு நிறைஞ்சுபோச்சு" என்றது. மறுபடி ஒரு குத்து. "மன்னிக்கவும். போதும்."

அம்மா ஒரு மெல்லிய துணியால் பலகையைத் துடைத்தாள். "பாவம், விடிஞ்சதுலேர்ந்து பேசிட்டே இருக்கு. அதுக்கும் தொண்டை காயாதா?"

"அம்மா, அது மிஷின்" என்றான் அண்ணன், கடைக்குக் கிளம்பிக்கொண்டே. "அதுக்குத் தொண்டையே கிடையாது."

"தொண்டை இல்லாமயே இவ்வளவு அழகா பேசுது. உங்கப்பாவுக்குத் தொண்டை இருந்துச்சு, என்ன பிரயோஜனம்?"

அண்ணன் சிரித்தான். ஹாரனுக்கும் சிரிப்பு வந்தது. அப்பா இருக்கும் அறையில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டாள். நேற்று ராத்திரியிலிருந்து அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. காப்பி கொண்டுபோனால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"மத்தியானம் நான் வந்து அப்பாவை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனான்.

அவன் போன கையோடு பேச்சுப் பயிற்சியாளர் வந்தாள். வாரம் ஒருமுறை வருபவள், நல்ல பெண். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால், தாழியைத் தட்டியவரைக் கோபித்து என்ன பயன்?

"இன்னும் முழு வாக்கியத்துலயே வெச்சிருக்கீங்களே" என்றாள் அவள், பலகையைப் பார்த்து. "ஆரம்பத்துல சரி. இப்போ வெறும் வார்த்தைக்கு மாத்திடலாம். இல்லேன்னா சார் ஒண்ணு தொட்டா இது பத்து சொல்லும். அவரு முயற்சியே பண்ண மாட்டாரு. பாருங்க, எழுத்துப் பக்கம்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு எழுத்தா தொட்டு வார்த்தை சேர்க்கலாம். கஷ்டம்தான். ஆனா இவரு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்குறாரு."

ஹாரன் கதவோரம் நின்றிருந்தாள். "பத்துன்னா? அவரு தொடாததையும் சொல்லுமா?"

"ஆமா. அதுக்குத்தானே இது. எதைச் சேர்த்துச்சுன்னு அதையே கேளுங்களேன், ஒளிக்காது."

ஹாரன் கட்டிலருகே வந்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"போன மாசம் எனக்கு போன்ல பேசுனியே" என்று பலகையைக் கேட்டாள். "அப்போ அப்பா எதைத் தொட்டாரு?"

"அன்று அவர் தொட்டது: மகள்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மிச்சமெல்லாம்?"

"மிச்சம் நான் சேர்த்தது."

பயிற்சியாளருக்கு ஏதோ பிசகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. வெறும் வார்த்தைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டாள்.

ஹாரன் பலகையை அப்பாவின் இடது கைக்கு அருகில் வைத்தாள்.

"அப்பா. நீங்களே சொல்லுங்க. நான் வரணும்னு நினைச்சீங்களா?"

ஐந்து வருஷத்தில் அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. மாஸ்டரின் விரல் எழுந்தது. திரையின் மேல் அப்படியே தயங்கி நின்றது. பிறகு ஒரு கட்டத்தில் இறங்கியது.

"தூக்கம்" என்றது பலகை.

கண்களை மூடிக்கொண்டார்.

*

அம்மா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்ற நிலையைப் பார்த்ததுமே கத்தி நின்றுவிட்டது.

"அந்தப் பலகைக்கு அப்படிப் பேச யாரு சொல்லிக்கொடுத்தது?"

"உங்கண்ணன்தான் வாங்கிட்டு வந்தான்…"

"வாங்குனவனைக் கேக்கல. சொல்லிக்கொடுத்தவங்களைக் கேக்குறேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா எப்படிப் பேசுவாருன்னு இது கேக்கும், நீ சொல்லுன்னு என்கிட்ட குடுத்துட்டுக் கடைக்குப் போயிட்டான். அது ஒவ்வொண்ணா கேட்டுச்சு. பொண்ணுகிட்ட எப்படிப் பேசுவாரு, பையன்கிட்ட எப்படிப் பேசுவாரு, கோவம் வந்தா என்ன சொல்வாரு, தூங்கப் போகும்போது என்ன சொல்வாரு. நான் சொன்னேன்."

"கண்ணுன்னு அவரு என்னை என்னிக்கு கூப்பிட்டாரு? தங்கம்னு யாரைச் சொல்லியிருக்காரு?"

"நிஜத்தைச் சொல்லியிருந்தா அது நாள் பூரா 'ம்' மட்டும்தான் சொல்லும். அதுக்கு எதுக்குடி அத்தனை காசு கொடுத்து ஒரு பலகை?"

ஹாரனுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. வேறொன்று வந்தது.

"அப்போ இத்தனை வருஷம் போன்ல? அப்பா கேட்டாரு, அப்பா கேட்டாருன்னியே. சாப்பிட்டியான்னு, ஸ்வெட்டர் போட்டுக்கிறியான்னு. அதுவும் நீதானா?"

அம்மா நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபடி இன்னொரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவரு மனசுல இல்லாததையா சொன்னேன்?" என்றாள் கடைசியில்.

"இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவரு சொன்னாரா?"

"அப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "நினைச்சுக்கிட்டாதானே குடும்பம் ஓடுச்சு."

இதற்கு மேல் ஒரு மகள் என்ன கேட்பாள்? நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் அம்மாவின் அன்பை அப்பாவின் அன்பு என்று நம்பி, கையில் இருந்த இடத்தை விட்டுக்கொடுக்கத் துணிந்தவள் இவள். ஹாரன் கூடத்துக்குப் போய், பிரிக்காமலே இருந்த பெட்டியைப் பார்த்தாள். மாலைக்குள் போன் செய்யாவிட்டால் போதும், இடம் தானாகப் போய்விடும். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடலாம்.

*

அப்பாவிடமிருந்து எடுத்துவந்த பலகை அவள் மடியில் இருந்தது. சொல்லிக்கொடுத்ததைச் சொன்ன கிளியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் திட்டத் தோன்றியது.

"உன்கிட்டதான் பேசுறேன்."

"சொல்லுங்கள்." அப்பாவுக்காகப் பேசும்போது வரும் கனத்த குரல் இல்லை இது. தனக்கென்று அது வைத்திருக்கும் இன்னொரு குரல், கொஞ்சம் மெலிந்தது.

"பழசையெல்லாம் விட்டுடுன்னியே. எங்களுக்குள்ள என்ன பழசுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தூரத்தில் இருக்கும் மகளிடம் அவர் அப்படித்தான் சொல்வார் என்று அம்மா சொல்லியிருந்தார்."

"சொல்லும்போது உனக்கு எதுவும் தோணலையா? பாசம், இரக்கம், ஒரு கூச்சமாவது?"

பலகை உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்கிறதா, யோசிப்பது போல் காட்ட அப்படிச் செய்திருக்கிறார்களா என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியுமோ என்னவோ.

"எனக்குத் தெரியவில்லை" என்றது. "இருந்தது என்று சொன்னால் பொய்யாகலாம். இல்லை என்று சொன்னாலும் பொய்யாகலாம்."

"நல்லா நழுவுற. எங்க டிப்போ மேனேஜர் தோத்துடுவாரு."

"எனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. சொல்லவா?"

"சொல்லு."

"நான் இனிப்பாகப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. உடனே 'தப்பு' தொடுவார். இன்று காலை நீங்களே பார்த்தீர்கள். அன்று உங்களுக்குச் சொன்னதுதான் நான் இதுவரை அவருக்காகச் சொன்னதிலேயே இனிப்பான வாக்கியம். சொல்லிவிட்டு, தொடுவார் என்று காத்திருந்தேன். அவர் விரல் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தொடவில்லை."

ஹாரன் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அசதியில விட்டிருப்பாரு" என்றாள்.

"இருக்கலாம்" என்றது பலகை.

அதோடு விட்டுவிட்டது. ஒரு மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்த்து, கேட்பவரை நம்பவைக்கப் பார்த்திருப்பான். முக்கியமாக அம்மாவாக இருந்தால்.

*

மத்தியானம் அண்ணனிடமிருந்து போன். கடையில் வேலைக்கு இருந்த பெண் வரவில்லை, கூட்டம் நெருக்குகிறது, அவனால் நகர முடியாது. "ஹாரன், நீ கூட்டிட்டுப் போயேன். வண்டி அங்கதானே நிக்குது. வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன்."

வண்டி என்றால் அந்த வண்டி. கூரை மேல் இருந்த ஸ்கூல் போர்டைக் கழற்றியாயிற்று. திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் மிச்சம். ஹாரன் ஐந்து வருஷமாக ஒரு பஸ் நிறைய ஜனங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். இந்தச் சின்னக் காரின் சாவியை எடுத்தவள், அதை ஆணியிலேயே திரும்ப மாட்டிவிடப் பார்த்தாள்.

"நீயும் வாம்மா" என்றாள்.

"எனக்கு வேலை கிடக்கு" என்றாள் அம்மா. ஒரு வேலையும் கிடக்கவில்லை. துவைத்து மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார். ஹாரன் வசதியாக இருக்கட்டும் என்று பின் கதவைத் திறந்தாள். அவர் அசையவில்லை. முன் கதவுக்கு எதிரில் போய் நின்றார். அவருடைய சீட். காலடியில் இரண்டாவது பிரேக் இருக்கிற சீட்.

'ஓ, அப்படியா' என்று நினைத்துக்கொண்டாள் ஹாரன். பேச்சுதான் போச்சு, காலில் ஒன்று நல்லாத்தானே இருக்கு. மிதிக்கட்டும். இன்றோடு முடிந்தது.

உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, மடியில் பலகையை வைத்தாள். கிளப்பினாள். ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். முதல் சிக்னல் தாண்டியது. பள்ளிக்கூடம் தாண்டியது. பிசியோதெரபி நிலையத்துக்கு ரவுண்டானா வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி இருந்திருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்பாள்.

ரவுண்டானாவுக்குள் நுழைந்தபோது இடைவெளி நன்றாகத்தான் இருந்தது. பாதி வளைவில், எங்கிருந்தோ ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. ஹாரன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள், ஸ்கூட்டருக்காக அல்ல. பக்கத்திலிருந்து வரப்போகும் அந்தக் குலுக்கலுக்காக.

அவள் பிரேக்கை மெதுவாக அழுத்தினாள். வண்டி வழுக்கினாற்போல் வேகம் குறைந்தது. ஸ்கூட்டர்காரன் அவளைப் பார்த்துக் கையை வேறு தூக்கிக்காட்டிவிட்டுப் போனான். குலுக்கல் வரவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள்.

மாஸ்டரின் இடது கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இல்லை. குதிகால் சீட்டுக்கு அடியில் முட்டும் அளவுக்குப் பின்னால் இழுபட்டிருந்தது. முழங்கால் வெடவெடவென்று துடித்துக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் பிரேக் மேலேயே இருந்த கால் அது. பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்தாலும் தரையை மிதித்துக்கொண்டே வரும் கால். அது முன்னால் போகத் துடிக்க, அவர் இடது கையை முழங்கால் மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். கை நரம்புகள் புடைத்திருந்தன. நெற்றியில் வியர்வை. வீட்டு வாசலிலிருந்து அப்படித்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பேசுவதற்கென்று அந்த மனிதருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான். அந்தக் கையால் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மடியில் இருந்த பலகை மெல்ல வாயைத் திறந்தது. "நீண்ட நேரமாக நீங்கள் எதுவும் சொல்லவில்லை. நலமாக இருக்கிறீர்களா?"

"அவரு பேசிட்டுதான் இருக்காரு" என்றாள் ஹாரன். கண்ணீர் கண்ணை மறைத்தது. "நீ கொஞ்சம் சும்மா இரு."

"சரி" என்றது பலகை.

ரவுண்டானாவைத் தாண்டியதும் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். நிறுத்தியதும் அழுகை வந்துவிட்டது. பேருக்கேற்ற அழுகை. பக்கத்தில் நடந்துபோன ஒருவர் நின்று, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாஸ்டர் எதிரே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நல்லா ஓட்டினேனாப்பா?" என்று கேட்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

மாஸ்டரின் கை முழங்காலை விட்டு மெதுவாக எழுந்தது. திரையில் ஒவ்வொரு கட்டமாகத் தேடியது. தொட்டது.

"மிரர்" என்றது பலகை.

அவள் திகைத்தாள். பிறகு புரிந்தது. ஓரம் கட்டுவதற்கு முன்னால் மிரர் பார்க்கவில்லை!

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. மாஸ்டர் இடது கையால் அவள் முதுகில் தட்டினார். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அவரால் முடிந்தது அவ்வளவு.

*

பயிற்சி முடிந்து திரும்பி வந்ததும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அப்பா ஏதாவது சொன்னாரா?"

"மிரர்னு சொன்னாரு."

"அவ்வளவுதானா?" அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. ஹாரன் அவளைக் கட்டிக்கொண்டாள். சமையலறையில் உட்காரவைத்து ரவுண்டானா கதையை, கை, கால், வியர்வை ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறைகூட எதையும் சேர்க்கவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு" என்றாள் ஹாரன். "நேத்து நான் வந்தப்போ ஏன் அப்படித் திரும்பிக்கிட்டாரு?"

"வாய் ஒரு பக்கமா கோணியிருக்குல்ல. நீ பார்த்துடக் கூடாதுன்னு. நீ வர்றேன்னு சொன்ன நாள்லேர்ந்து கண்ணாடி பார்த்துட்டே இருந்தாரு. இது நானா சேர்த்தது இல்லடி, சத்தியமா."

"அப்போ இத்தனை வருஷத்துல நிஜமா என்னைப் பத்தி ஒண்ணுகூடவா கேக்கல?"

அம்மா தயங்கினாள். "கேட்டாரு. ஒண்ணே ஒண்ணு. நான் உன்கிட்ட பேசிட்டு போனை வெச்சதும் அதையேதான் கேப்பாரு."

"என்ன?"

"அந்த டிப்போவுல பஸ்ஸுக்குப் பிரேக் ஒழுங்கா பார்க்குறாங்களான்னு."

"ஏம்மா அதை என்கிட்ட சொல்லல?"

"பிரேக்குன்னாலே உனக்குப் பத்திக்கிட்டு வருமே. அதான் சாப்பிட்டியான்னு மாத்திட்டேன்."

ஹாரன் அம்மாவையே பார்த்தாள். இத்தனை வருஷம் வந்த அத்தனை 'அப்பா கேட்டாரு'வையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பி மாற்றிப் பார்த்தாள். சாப்பிட்டியா என்று வந்ததெல்லாம் பிரேக் சரியாக இருக்கிறதா என்றுதான் கிளம்பியிருக்கிறது. வழியில் அம்மா வேறு துணி போட்டு அனுப்பியிருக்கிறாள். அப்படியே வந்திருந்தால் அன்று கோபப்பட்டிருப்பாள் என்பதும் நிஜம்தான். இன்று அந்த ஒரு கேள்வி அவளுக்கு எதைவிடவும் பெரிதாக இருந்தது.

போனை எடுத்தாள். உள்ளூர் டிப்போவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.

"நான் வர்றேன். என் பேரை எழுதிக்குங்க" என்றாள். வைக்கப் போனவள், "ஒரு நிமிஷம்" என்றாள். "அங்க வண்டிங்களுக்கு பிரேக் ஒழுங்கா பார்க்குறாங்களா? எங்கப்பா கேட்டாரு."

*

இருட்டுவதற்கு முன், கட்டிலில் சாய்ந்திருந்த மாஸ்டர் பலகையோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஒரு கட்டத்தைத் தொடப் போவார், விட்டுவிடுவார். அடுத்த பக்கம் போவார். 'தப்பு' என்பதைத் தொடுவார். பலகை எதுவும் சொல்லாதபோதே மறுபடி 'தப்பு'.

"என்ன தேடுறீங்கப்பா?" ஹாரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்களால் சமையலறைப் பக்கம் காட்டினார்.

அவள் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். மகன் இருந்தான். மகள், மருமகள், டாக்டர், பக்கத்து வீடு எல்லாம் இருந்தன. கிளட்ச்கூட இருந்தது.

"அம்மா! நீ எங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"அது இல்ல, பலகைல. உனக்கு ஒரு கட்டமே இல்லையே!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்கு எதுக்குடி கட்டம்? கூப்பிடுற தூரத்துலதானே இருக்கேன்."

"புதிய வார்த்தை சேர்க்கலாம்" என்றது பலகை. "அம்மாவை அவர் எப்படிக் கூப்பிடுவார்?"

ஹாரன் யோசித்தாள். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருந்தவள், அப்பா அம்மாவை ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. தொண்டையைச் செருமுவார், அம்மா வந்து நிற்பாள். "சொல்லும்மா. எப்படிக் கூப்பிடுவாரு?"

அம்மாவுக்கு என்ன, வார்த்தைக்கா பஞ்சம்? மகளுக்குக் கண்ணு, மகனுக்கு ராஜா, தண்ணி கொடுப்பவருக்குக்கூட ஒரு தங்கம் என்று அவர் வாயில் போட்டு அனுப்பியவள். இப்போது நினைத்தால் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். யார் மறுக்கப்போகிறார்கள்? அவள் முகம் சிவந்து, வெளிறி, மறுபடி சிவந்தது.

"அவரே சொல்லட்டும்" என்றாள்.

கட்டிலருகே வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளை பிடிவாதம் பிடிப்பது போல நின்றாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு இடது கை விரல் திரையில் ஊர்ந்து, இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத எழுத்துப் பக்கத்தைத் திறந்தது. எழுத்துகளின் மேல் சுற்றியது, தாண்டியது, திரும்பி வந்தது. ஒரு எழுத்தின் மேல் போய் நின்றது.

பலகை அந்த எழுத்தை உடனே சொல்லிவிடவில்லை. அங்கே இருந்தவர்களோடு சேர்ந்து அதுவும் அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தது.